பழைய ஹோண்டா சிட்டி: சத்தம், நடுக்கம், சூடு, எதற்கு எவ்வளவு செலவு?

"ரேக் போச்சு சார், நாற்பதாயிரம் ஆகும்." முன்பக்கம் கட கட என்று சத்தம் போடும் சிட்டியைப் பட்டறையில் விட்டால் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது (ரேக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்). கழற்றிப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் லிங்க் ராடாக இருக்கும். இந்த வண்டியில் பழுது வாங்கும் காசைவிட, பழுதைத் தப்பாகக் கணித்து நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டதற்குக் கொடுக்கும் காசுதான் வலிக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனை முதலில், சின்னச் செலவு அடுத்தது, பெரிய பாகம் கடைசியில்.

பேசுவது 2014 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த நான்காம் தலைமுறை சிட்டி பற்றி. 1.5 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல் 119 பிஎஸ், 1.5 லிட்டர் ஐ-டிடெக் டீசல் 100 பிஎஸ். பெட்ரோலில் 5 கியர் மேனுவல் அல்லது சிவிடி (பல் சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் வைத்த ஆட்டோமேட்டிக்), டீசலில் 6 கியர் மேனுவல் மட்டும். 2017 பிப்ரவரியில் முகப்பு மாறியது, அடியில் இருக்கும் சாமான் பெரிதாக மாறவில்லை. இரண்டு இன்ஜினிலும் டைமிங் செயின்தான். யாராவது டைமிங் பெல்ட்டுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

தொகைகள் எல்லாம் சுமார்தான். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் வெளிப் பட்டறையில் நல்ல பாகம் போட்டால் லேபரோடு ஆகக்கூடியது. கம்பெனி சர்வீஸில் கால் பங்கிலிருந்து பாதி வரை கூடும். கையில் ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர், செல்போனோடு இணையும் இன்ஜின் கம்ப்யூட்டரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் (ரூ.500 முதல் 1,500) இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

முன்பக்கம் கட கட, டப் டப்

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் "முன்னாடி சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் அவர் கையில் ஆறு பாகங்களின் பட்டியல் இருக்கும்.

சின்னச் சின்னக் குழியில், 20 கி.மீ. வேகத்தில், ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது கட கட என்றால் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) ரப்பர் புஷ், அல்லது அந்தப் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராட். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் ஸ்பீடு பிரேக்கரில் இந்தச் சத்தம் குறைந்துவிடும். காரணம் எளிது: இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் பாருக்கு முறுக்கு வராது, லிங்க் ராடுக்கு வேலை இல்லை. உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, தொங்கும் பார் எங்கும் இடிக்காமல் கட்டிவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் நின்றால் வேறெதையும் தொட வேண்டாம். லிங்க் ராட் ஒன்று ரூ.800 முதல் 1,500. ஜோடியாகவே மாற்றுங்கள். இந்தச் சோதனையை வேகமாக ஓட்டிப் பார்க்கக் கூடாது, பார் இல்லாமல் வளைவில் வண்டி சாயும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் திருப்பும்போது "ட்டங்" என்று சுருள் விடுபடுகிற மாதிரி சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரை மேலே பாடியோடு பிடிக்கும் பாகம்). ஒருவர் திருப்ப, இன்னொருவர் வீல் ஆர்ச்சுக்குள் கைவிட்டுச் சுருளை லேசாகத் தொட்டிருந்தால் அந்தத் துள்ளல் விரலில் தெரியும். சுருளின் இடுக்கில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் மவுண்டோடு சேர்த்து இரண்டு பக்கமும் மாற்ற ரூ.10,000 முதல் 15,000. மவுண்டுக்காக எப்படியும் ஸ்ட்ரட்டை இறக்கித்தான் ஆக வேண்டும், எண்பதாயிரம் கி.மீ. தாண்டிய வண்டியில் பழைய ஷாக்கையே திரும்ப மாட்டுவது லேபருக்குக் கேடு.

பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ் கிழிந்திருக்கலாம். டார்ச் அடித்தால் ரப்பரில் வெடிப்பு தெரியும். ஆர்ம் ஒன்று ரூ.3,000 முதல் 5,000. இதில் பட்டறைகள் அதிகம் தவறும் இடம் ஒன்று: வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கிவிடுவார்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையில் பட்டதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். பத்தாயிரம் கி.மீ.க்குள் புது புஷ் கிழியும், "பாகம் சரியில்லை" என்று பழி பாகத்தின் மேல் போகும். போல்ட்டைக் கையிறுக்கத்தில் வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று பாருங்கள்.

இனி ரேக். இன்ஜின் ஓட, வண்டி நிற்க, ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக ஓரிரு விரல் அளவு மட்டும் வேகமாக ஆட்டுங்கள். கையில் டக் டக் என்று தட்டினால் ரேக் அல்லது ஸ்டீயரிங் காலம் ஜாயின்ட். அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில், கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில், பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட், இன்னர் பால் ஜாயின்ட், அல்லது ரேக். மேலும் கீழும், 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதென்றால் அது ரேக் அல்ல. பால் ஜாயின்டோ வீல் பேரிங்கோ. இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ரேக் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ரேக்கேதான் என்றாலும் நேராகப் புதுசுக்குப் போக வேண்டியதில்லை. ரேக் கைடு ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம். அதிகமாக இறுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. அப்படி வராவிட்டால் உடனே தளர்த்த வேண்டும், அது ஆபத்து. ரீகண்டிஷன் ரூ.7,000 முதல் 12,000, புதுசு ரூ.30,000க்கு மேல். மேலே சொன்ன எதை மாற்றினாலும் முடிவில் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஊ... என்ற ஒரே சுருதி

60 கி.மீ. தாண்டினால் ஆரம்பித்து, வேகத்தோடு ஏறும் ரீங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். காலியான நேர்ச்சாலையில் லேசாக இடதுபக்கம் திருப்புங்கள். எடை வலது சக்கரத்தில் விழும். சத்தம் கூடினால் வலது பேரிங். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகும்போது சத்தத்தின் குணமே மாறினால் டயர். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு இருநூறு முந்நூறு ரூபாய்தான். பேரிங் ஒன்றுக்கு ரூ.2,500 முதல் 4,000. எது முதலில் என்று சொல்லத் தேவையில்லை.

சாவி போட்டால் எடுக்கவில்லை

இதில் மூன்று வகை. மூன்றுக்கும் மருந்து வேறு.

செல்ஃபே சுற்றவில்லை, டிக் டிக் என்கிறது: பேட்டரி. பெட்ரோல் சிட்டியில் இருப்பது சின்ன பேட்டரி, 35 ஏஎச். இரவு முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் 12.4 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் சந்தேகப்படுங்கள். 12க்குக் கீழ் என்றால் காலி. புதுசு ரூ.4,500 முதல் 6,000. ஆனால் டெர்மினலில் வெள்ளைப் பூச்சு இருந்தால் முதலில் அதை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அந்த வேலைக்குக் காசு கிடையாது.

புது பேட்டரியும் ஓரிரு நாளில் இறங்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது. வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் கழித்து, நெகட்டிவ் வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கூடினால் வெளியில் போட்ட ஸ்டீரியோ, டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா வயரிங்கை முதலில் கழற்றுங்கள். பலரும் பார்க்காத இன்னொன்று பிரேக் லைட். பிரேக் பெடலின் மேல் பக்கம், சுவிட்ச்சின் முனை அழுந்தும் இடத்தில், விரல் நகம் அளவு பிளாஸ்டிக் ஸ்டாப்பர் ஒன்று இருக்கும். வெயிலிலும் வயதிலும் அது காய்ந்து நொறுங்கும். டிரைவர் பக்க மேட்டில் மிட்டாய்த் துண்டு மாதிரி பிளாஸ்டிக் பொடி கிடந்தால் அதுதான். ஸ்டாப்பர் போனதும் சுவிட்ச் முனை ஓட்டைக்குள் புகுந்து, பெடலை மிதிக்காமலே பிரேக் லைட் இரவெல்லாம் எரியும். பாகத்தின் விலை ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் குறைவு. மேனுவல் வண்டியில் கிளட்ச் பெடலிலும் இதே மாதிரி ஒன்று உடைந்தால், கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் செல்ஃப் எடுக்காமல் போகும். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று கழற்றி வைப்பார்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது: ஃபியூயல் பம்ப்பைச் சந்தேகப்படுங்கள். பம்ப்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் சக்கரம் நாளடைவில் உப்பி உருமாறிச் சிக்கிக்கொள்ளும் குறைக்காக ஹோண்டா இந்தியாவில் பலமுறை திரும்ப அழைத்தது. 2020 ஜூனில் 2018இல் தயாரான 65,651 வண்டிகள், 2021 ஏப்ரலில் 77,954 வண்டிகள். 2024 அக்டோபரில் மறுபடியும் ஒரு பட்டியல். சிட்டி இவற்றில் உண்டு. ஆர்சியில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் எண்ணை ஹோண்டாவின் இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா, வேலை முடிந்ததா என்று தெரியும். இருந்தால் பம்ப் இலவசம், எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும். வெளியில் அதே பம்ப் போட ரூ.10,000க்கு மேல். செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே பார்த்துவிட்டுப் பிறகு பம்ப்.

பிடித்து உடனே அணைகிறது, ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் மட்டும் அணையாமல் ஓடுகிறது: த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைத் தகடு வைத்துக் கட்டுப்படுத்தும் பாகம்) கரி. அடுத்த தலைப்பு.

ஐடிலில் நடுக்கம், செக் இன்ஜின் விளக்கு

நடுக்கம் எல்லாம் இன்ஜின் குறை அல்ல. சிவிடி வண்டியில் ஏசி போட்டு, டி-யில், பிரேக் மிதித்து நிற்கும்போது சீட் வரை அதிர்ந்து, என்-க்குத் தள்ளியதும் அடங்கினால் இன்ஜின் மவுண்ட். பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை நன்றாக மிதித்தபடி ஒருவர் டி, ஆர் என்று மாற்ற, பக்கவாட்டில் நின்று பாருங்கள் (முன்னால் நிற்கக் கூடாது). இன்ஜின் எகிறிக் குதித்தால் மவுண்ட் ரப்பரோ அதற்குள் இருக்கும் திரவமோ போயிருக்கிறது. ஒன்று ரூ.4,000 முதல் 7,000. கியர் பாக்ஸ் என்று யாராவது பயமுறுத்தும் முன் இதைப் பாருங்கள்.

நியூட்ரலிலும் நடுக்கம், கூடவே விளக்கு மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. விளக்கு மினுக்கும்போது ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அப்புறம் பி0420 என்ற பழுதுக் குறியீடு வரும், அது பல ஆயிரம் ரூபாய்.

டாங்கிளில் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. எண்ணுவது செயின் பக்கத்திலிருந்து. இன்ஜின் ஆறிய பிறகு முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுப்பது) கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை முதலில் போடுங்கள். டாங்கிளில் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில், ஒன்று ரூ.2,500 முதல் 4,000, அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். குறியீடு பி0301லேயே நின்றால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். இரிடியம் பிளக் நான்குக்கு ரூ.3,000 முதல் 4,000. ஒரிஜினல் என்றால் சுமார் ஒரு லட்சம் கி.மீ. வரும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் செட் (ரூ.1,000 முதல் 1,800) மாற்றாமல் காயில் போடுவது வீண். ஆயிலில் ஊறி அடுத்த காயிலும் போகும்.

எந்தக் குறியீடும் இல்லை, ஆர்பிஎம் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். இது மின்சாரத்தில் இயங்கும் தகடு, கையால் வலுக்கட்டாயமாகத் திறக்கக் கூடாது. த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். துடைத்ததும் ஐடில் 1,500க்கு எகிறி நிற்கும், பலர் "கெடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போவார்கள். கெடவில்லை, கரி இருந்த காலத்துக் கணக்கைக் கம்ப்யூட்டர் இன்னும் மறக்கவில்லை. ஏசி, விளக்கு, ஸ்டீரியோ எல்லாம் அணைத்து, நியூட்ரலில் 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை பிடித்து, பிறகு காலை எடுத்து எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். தானாகக் கற்றுக்கொள்ளும்.

சிட்டியில் அதிகம் கவனிக்கப்படாதது டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்). இந்தப் பெட்ரோல் இன்ஜினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் கிடையாது. ஸ்குரூவைத் திருப்பி இடைவெளி வைக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30 மி.மீ. இடைவெளி கூடினால் தையல் மிஷின் மாதிரி டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அது நல்ல செய்தி, சத்தம் போட்டாவது சொல்கிறது. இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆனால் வால்வ் முழுக்க மூடாது, சூடான பிறகு ஐடில் தடுமாறும், எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். சிஎன்ஜி, எல்பிஜி போட்டு ஓட்டிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வ் தன் இருக்கையிலேயே தேய்ந்து உள்ளே இறங்குவதால் இது சீக்கிரம் வரும். கேஸ் கிட்டைக் கழற்றிவிட்டு "பெட்ரோல் வண்டி" என்று விற்பார்கள். டிக்கியின் தரையில் கேஸ் தொட்டி மாட்டிய போல்ட் ஓட்டையும், இன்டேக் மேனிஃபோல்டில் அடைத்துவிட்ட துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய ரூ.1,500 முதல் 2,500. வண்டி இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். மதியம் ஓட்டிக்கொண்டு போய் விட்டு மாலையில் எடுத்துக்கொண்டு வந்தால் அவர்கள் வைத்த அளவு அளவே அல்ல.

சிவிடி: உறுமுகிறதா, உதறுகிறதா

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் முதலில் ஏறி, வண்டி சற்றுப் பிந்தி வேகமெடுப்பது சிவிடியின் பிறவிக்குணம். அதற்கு வைத்தியம் இல்லை, தேவையும் இல்லை. பார்க்க வேண்டியது வேறு: நன்றாகச் சூடான பிறகு, 20 முதல் 40 கி.மீ. வேகத்தில், காலை லேசாக மட்டும் வைத்து ஓட்டும்போது தகரத்தில் உரசுவது போல உதறுகிறதா?

உதறினால் முதல் வேலை ஆயில். ஹோண்டா எச்சிஎஃப்-2 மட்டும்தான். சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் உள்ளே இரும்பு பெல்ட்டுக்கும் கப்பிக்கும் வேண்டிய பிடிப்பு கிடைக்காமல் வழுக்கித் தேயும். அப்படித் தேய்ந்ததை ஆயில் மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஒரு முறை இறக்கினால் மூன்றரை லிட்டர் அளவுதான் வரும், மிச்சம் உள்ளேயே நிற்கும். எனவே ஒரு தடவை மாற்றி, ஆயிரம் கி.மீ. ஓட்டி, மறுபடி ஒரு தடவை மாற்றினால் பழைய ஆயில் பெரும்பாலும் போய்விடும். ஒரு தடவைக்கு ரூ.4,000 முதல் 5,500. மிஷின் வைத்து அழுத்தத்தில் ஃபிளஷ் செய்கிறோம் என்றால் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது வழக்கம். நகத்தில் உரசும் இரும்புச் சீவல் இருந்தால் ஆயிலோடு தீராது. பாக்ஸைப் பிரித்துக் கட்ட ரூ.80,000 முதல் ஒன்றரை லட்சம் வரை கேட்பார்கள். அந்த நிலையில் இருக்கும் வண்டியை விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். ஓட்டிய 40,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றிய பில் இருக்கும் வண்டி, இருபதாயிரம் கூடக் கேட்டாலும் மலிவு.

நின்றுபோன சிவிடி வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கியோ, பிளாட்பெட்டில் ஏற்றியோதான் போக வேண்டும்.

மேனுவல் வண்டியில் கியர் மூன்றிலோ நான்கிலோ இருக்க, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட். பெட்ரோலுக்கு ரூ.9,000 முதல் 14,000; டீசலுக்கு ரூ.18,000 தாண்டும்.

ஏசி குளிரவில்லை

காற்றே குறைவா, காற்று வருகிறது குளிர் இல்லையா? காற்று குறைவென்றால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள், ரூ.300 முதல் 500, கையாலேயே மாற்றலாம்.

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பு: கன்டென்சர் ஃபேன் ஓடவில்லை அல்லது கன்டென்சரில் தூசி, பூச்சி அடைப்பு. ஏசியைப் போட்டு முன்னால் குனிந்து பாருங்கள், ஃபேன் சுற்ற வேண்டும். தண்ணீர் அடிக்கும்போது அழுத்தம் குறைவாக வைத்து நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே நின்று, ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி வந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. சென்சாரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் முதலில் பாருங்கள்.

எப்போதும் குளிர் இல்லையென்றால் "கேஸ் அடிச்சிடலாம்" என்பார்கள். ஆர்134ஏ கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல, எங்கோ கசிந்தால்தான் குறையும். கசிவைக் கண்டுபிடிக்காமல் ரூ.1,500 முதல் 2,000க்கு கேஸ் அடித்தால் அடுத்த கோடையில் அதே பில் வரும். யுவி டை போட்டு இரண்டு நாள் ஓட்டிவிட்டு விளக்கடித்தால் பச்சையாகத் தெரியும். முன்னால் இருக்கும் கன்டென்சரில் கல் அடித்த ஓட்டையாக இருந்தால் ரூ.6,000 முதல் 10,000. கூலிங் காயில் என்றால் கிளவ் பாக்ஸ் பக்கம் நிறையக் கழற்ற வேண்டியிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். கம்ப்ரசருக்கு ரூ.20,000க்கு மேல். கம்ப்ரசர் உள்ளே நொறுங்கிப் போயிருந்தால் உலோகத் துகள் பைப்பெல்லாம் பரவியிருக்கும். கன்டென்சரையும் சேர்த்து மாற்றாமல் புது கம்ப்ரசர் மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

சூடு ஏறுகிறது

இந்த சிட்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, அதிகச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. சிவப்பு மினுக்க ஆரம்பித்தால் எச்சரிக்கை. நிலையாக எரிந்தால் ஏற்கெனவே தாமதம். அப்போது "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல வீடு" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, ஐநூறு ரூபாய் ஹோஸ் வேலை ஐம்பதாயிரத்தில் முடியும். டாங்கிளை மாட்டி வைத்திருந்தால் உண்மையான சூடு போனில் தெரியும்.

காரணங்களில் நம் ஊருக்கே உரியது போர் தண்ணீர். குறைந்த கூலன்டுக்குப் பதில் பெட்ரோல் பங்கில் இருந்த உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளைப் படிவம் சேர்ந்துவிடும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தால் ஹோண்டா கூலன்ட் நீலமாக, தெளிவாக இருக்க வேண்டும். துருநிறம் இருந்தால் கழுவி மாற்றுங்கள் (ரூ.1,500 முதல் 2,500). மயோனைஸ் மாதிரிப் பசை இருந்தால் ஆயிலும் கூலன்டும் கலந்திருக்கின்றன, வாங்கப் போன வண்டி என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். கூலன்ட் தானாகக் குறைகிறது, கீழே ஈரம் இல்லை என்றால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் மட்டும் கசிந்து அங்கேயே காய்ந்துவிடும்.

மைலேஜ் குறைந்துவிட்டது

டயர் காற்று, ஒட்டிப் பிடிக்கும் பின் டிரம் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர், இந்த மூன்றையும் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நான்கு சக்கரத்திலும் கை வைத்தால் ஒட்டிப் பிடிப்பது மட்டும் கொதிக்கும். இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு 3.6 லிட்டர்; கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் காலையில் இழுவையும் இருக்காது, மைலேஜும் இருக்காது. இ20 பெட்ரோலில் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இருக்கும் சக்தி இ10ஐ (10 சதவீதம்) விட மூன்று நான்கு சதவீதம் குறைவு. அந்த அளவு குறைந்தால் இயற்பியல், அதற்கு மேல் குறைந்தால்தான் பழுது.

டீசல்

முதலில் கேட்க வேண்டியது மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் ஃபியூயல் ரிட்டர்ன் பைப் பற்றி. 2013 டிசம்பர் முதல் 2015 ஜூலை வரை தயாரான டீசல் சிட்டிகள் 64,428ஐ அந்தக் குழாய் கழன்றுவிடக்கூடும் என்பதற்காக ஹோண்டா 2015 டிசம்பரில் திரும்ப அழைத்தது. பானட்டைத் திறந்ததும் டீசல் நாற்றம் அடித்தால் அந்த வேலை நடந்ததா என்று பாருங்கள்.

இழுவை குறைந்து கரும்புகை என்றால் டர்போவுக்குப் போகும் முன் இன்டர்கூலர் ஹோஸில் வெடிப்பு, இஜிஆரில் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் வால்வ்) கரி (சுத்தம் செய்ய சுமார் ரூ.3,000), டீசல் ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். இன்ஜெக்டர் ஒன்றே ரூ.15,000 தாண்டும்; இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவை டெஸ்ட் செய்து காட்டாமல் நான்கையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெல்லிப் பதிவு டீசல்கள் பத்து வயதை நெருங்கும்போது மலிவாக இங்கே வரும். என்ஓசி (அங்கிருந்து வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் மலிவு கரைந்துவிடும்.

கார்பெட் ஈரம்

மழை இல்லாமலே இடது முன்பக்கம் நனைந்தால் ஏசி ட்ரெயின் பைப் அடைப்பு. அடியிலிருந்து லேசாகக் காற்று ஊதினால் போதும். மழைக்குப் பிறகு மட்டும், அதுவும் சன்ரூஃப் இருக்கும் வண்டி என்றால், கூரையின் மூலையில் இருக்கும் ட்ரெயின் துளை. மெல்லிய பிளாஸ்டிக் வயரை நுழைத்துச் சுத்தம் செய்யலாம், காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும்.

ஈரமே இல்லை, ஆனால் மூடிவைத்த பெட்டி மாதிரி நாற்றம் அடிக்கிறது, வாசனைப் பாக்கெட் மூன்று தொங்குகிறது என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கியவை எங்கெங்கோ போய் விற்றிருக்கின்றன. ஷாம்பு போட்டுக் கழுவிய கார்பெட்டைப் பார்த்துப் பயன் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட் தலையில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்பேர் டயரைத் தூக்கி அதன் அடியில் விரலால் தடவுங்கள், மணல் ஒட்டினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.